பழங்கால ஃப்ளோர் லேம்ப் வைத்து அறையை அலங்கரிக்க: முழுமையான வழிகாட்டி

பெரும்பாலானோர் செய்வது இதுதான்: தரையில் நிற்கும் ஒரு பழைய மின்விளக்கு கண்ணில் படுகிறது, பிடித்துப்போகிறது, வாங்கி வந்துவிடுகிறார்கள். அதை எங்கே வைப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. காலியாகக் கிடக்கும் மூலையில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அங்கே பிளக் பாயிண்ட் இருக்காது; இருந்தால் பக்கத்தில் நாற்காலி இருக்காது. கொஞ்ச நாளில் அதை யாரும் போடுவதே இல்லை.

வரிசையைத் திருப்பினால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். முதலில் இருட்டு எங்கே என்று பார்க்க வேண்டும், அப்புறம் இடம், அப்புறம் உயரம். விளக்கு அதற்கும் பின்னால்தான். வாங்கிய பிறகும் ஒரு வரிசை உண்டு: கழற்றுவது, துடைப்பது, வயர் மாற்றுவது, பல்பு, கடைசியில் ஷேடு (பல்பைச் சுற்றியிருக்கும் மறைப்பு). இதில் ஒன்றை முன்பின்னாகச் செய்தால் அதே வேலையை இரண்டு முறை செய்ய நேரிடும்.

கையில் இருக்க வேண்டியவை: அளவு டேப், சிறிய காந்தம், டார்ச், மல்டிமீட்டர் (மின் தொடர்பையும் தடையையும் அளக்கும் கருவி), ஸ்க்ரூடிரைவர், இன்சுலேஷன் டேப், பழைய பருத்தித் துணி, கொஞ்சம் அட்டை. கூடவே, நீளமான வயரில் பிளக்கும் ஹோல்டரும் மாட்டிய ஒரு சாதாரண பல்பு. கடைசியில் சொன்னதுதான் மிக முக்கியம்.

1. இரவில் அறையைப் பாருங்கள்

பகலில் இடம் தேர்வு செய்யாதீர்கள். பகலில் பார்த்தால் காலி இடம்தான் தெரியும், இருட்டு தெரியாது.

இரவில் வழக்கமான விளக்குகளைப் போட்டுவிட்டு அறையில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து பாருங்கள். எங்கே புத்தகத்தின் மேல் உங்கள் தலையின் நிழலே விழுகிறது? எதிரே இருப்பவரின் முகம் எங்கிருந்து பார்த்தால் மங்கலாகத் தெரிகிறது? எந்தச் சுவர் கறுப்பாகக் கிடக்கிறது? இந்த மூன்றும்தான் விளக்கு கேட்கும் இடங்கள்.

இப்போது அந்த வயர் பல்பை எடுத்து, ஒருவரை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். மேலே, கீழே, நாற்காலிக்குப் பின்னால், பக்கத்தில் என்று நகர்த்திப் பாருங்கள். கொஞ்சம் கேலியாகத்தான் இருக்கும். ஆனால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்வதை விளக்கை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் தேட வேண்டியதில்லை.

இடம் முடிவானதும் அங்கிருந்து பிளக் பாயிண்டுக்கு உள்ள தூரத்தைச் சுவரோரமாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடக்கும் வழியைக் குறுக்கே கடக்காமல் வயர் போக முடியவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது முதலில் பாயிண்ட் போடுங்கள்.

2. உயரத்தை உட்கார்ந்து அளங்கள்

விளக்கின் மொத்த உயரத்தைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு: தரையிலிருந்து ஷேடின் கீழ் விளிம்பு வரை. பக்கத்தில் உட்கார்பவரின் கண் மட்டத்துக்கோ, அதற்குச் சற்றுக் கீழேயோ அந்த விளிம்பு இருக்க வேண்டும். மேலே போனால் பல்பு கண்ணில் குத்தும். ரொம்பக் கீழே போனால் மடியில் மட்டும் வெளிச்சம் விழும், அறைக்கு எதுவும் கிடைக்காது.

சாதாரண சோபாவில் உட்காரும் பெரியவருக்குக் கண் மட்டம் தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ. வரை இருக்கும். ஆனால் பொது அளவை நம்பாதீர்கள். தாழ்வான சோபாவுக்கும் நிமிர்ந்த நாற்காலிக்கும் நல்ல வித்தியாசம் வரும். அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

3. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

பழைய விளக்குகளில் நூறு வடிவம் இருக்கலாம். வெளிச்சம் போகும் திசையை வைத்துப் பார்த்தால் மூன்றே வகைதான்.

முதலாவது, மேலே கிண்ணம் வைத்து வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்புவது. இருண்ட மூலைக்கும் பொது வெளிச்சத்துக்கும் இது சரி. கூரை வெள்ளையாக அல்லது வெளிர் நிறமாக இருந்தால்தான் பயன். மரக்கூரையோ அடர்ந்த நிறமோ வெளிச்சத்தைக் குடித்துவிடும். இன்னொன்று, சீலிங் ஃபேனுக்கு அருகில் இதை வைக்கவே கூடாது. கீழிருந்து போகும் ஒளியை இறக்கைகள் வெட்டி வெட்டி, கூரை முழுக்க நிழல் துடித்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும்.

இரண்டாவது, கை நீட்டி, தலை கவிழ்ந்திருப்பது. படிக்க இதுதான். தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வெளிச்சம் விழ வேண்டும். எழுதுபவராக இருந்தால் எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம். இல்லாவிட்டால் கையின் நிழலிலேயே எழுத வேண்டிவரும்.

மூன்றாவது, நேரான தண்டும் மேளம்போன்ற ஷேடும் உள்ளது. மேலும் கீழும் வெளிச்சம் தரும். பேசி உட்காரும் இடத்துக்கு இதைவிட நல்லது இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் விளக்காக நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இடம் கொஞ்சம் தவறினாலும் உறுத்தாது.

4. வாங்கும்போது கீழிருந்து மேலே பாருங்கள்

எல்லோரும் ஷேடைப் பார்க்கிறார்கள். மாற்ற எளிதானது அதுதான். மாற்ற முடியாதது அடிப்பாகமும் தண்டும்.

ஷேடு இருக்கும் உயரத்தில் ஒரு விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். லேசாக ஆடி, திரும்ப நிமிர்ந்தால் சரி. சாயப் பார்த்தால் அடியில் இருந்த எடைக்கட்டி காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். பல பழைய விளக்குகளில் மெல்லிய தகட்டு அடிப்பாகத்துக்குள் வார்ப்பிரும்பையோ சிமெண்டையோ வைத்திருப்பார்கள். சிமெண்ட் உதிர்ந்து போவது சாதாரணம். கவிழ்த்துப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. ஒட்டாவிட்டால் உடனே பித்தளை என்று மகிழ வேண்டாம். துத்தநாகக் கலவை வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு கீறல் போட அனுமதி கேளுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறமாகத் தெரிந்தால் துத்தநாகம். துத்தநாக வார்ப்பு விரிசல் விட்டால் ஒட்ட வைப்பது பெரும்பாடு. அதனால் பூ வேலைப்பாட்டின் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து தண்டின் இணைப்புகள். ஒவ்வொரு துண்டிலும் நிறமும் தேய்மானமும் ஒன்றுபோல இருக்கின்றனவா? ஒரு துண்டு மட்டும் பளிச்சென்று இருந்தால் வேறொரு விளக்கிலிருந்து வந்து சேர்ந்ததாக இருக்கலாம். அலங்காரத்துக்கு அதனால் நஷ்டமில்லை. விலை பேசும்போது நினைவில் இருக்கட்டும். பொதுவாக 100 ஆண்டுகளைத் தாண்டியதைத்தான் ‘ஆன்டிக்’ என்பார்கள். விற்பவர்கள் 40 வருட விளக்குக்கும் அதே பெயரைத்தான் வைப்பார்கள்.

கடைசியாக ஹோல்டரின் வாயை அளங்கள். திருகு வகையில் 26, 27 மி.மீ. என்றால் பல்பு கிடைப்பதில் கவலையில்லை. 22 மி.மீ. பயோனெட்டும் (அழுத்தித் திருப்பி மாட்டும் வகை) பரவாயில்லை. 39 அல்லது 40 மி.மீ. பெரிய வாய் என்றால், அது உள்ளே கண்ணாடிக் கிண்ணம் வைத்த பெரிய விளக்காக இருக்கும். சாதாரண பல்புக்கு இறக்கிக் கொடுக்கும் அடாப்டர் உண்டு. ஆனால் அந்தக் கண்ணாடிக் கிண்ணம் உடைந்திருந்தால் வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். அதே அளவு கிடைப்பது கடினம்.

விற்பவர் எரியவைத்துக் காட்டினால் அது வயர் நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. வெடித்த வயரிலும் பல்பு எரியும்.

5. கழற்றிய நிலையில் துடையுங்கள்

வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் செருகாதீர்கள். எப்படியும் வயர் மாற்ற விளக்கைக் கழற்றத்தான் போகிறீர்கள். துடைப்பதை அப்போதே செய்தால் இணைப்புகளில் பாலிஷ் தேங்காது, புது வயரிலும் ஈரம் படாது.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கழற்றும் துண்டுகளை அதே வரிசையில் ஒரு துணியில் அடுக்குங்கள். வாஷர்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கனம் மாறும். இடம் மாறிப் போட்டால் தண்டு நேராக நிற்காது.

துடைக்க, லேசாக நனைத்த துணியும் மென்மையான சோப்பும் போதும். பிறகு உலர்ந்த துணி, கடைசியில் மெல்லிய மெழுகுப் பூச்சு. பித்தளையைப் பளபளவென்று தேய்த்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். நான் வேண்டாம் என்பேன். அந்தக் கறுத்த நிறம்தான் பழமை. தேய்த்தால் போனது போனதுதான், விலையும் குறையும். பூச்சு உள்ள இரும்பில் தேய்த்தால் இன்னும் மோசம், பூச்சே கழன்றுவிடும். பச்சைக் களிம்பு இருந்தால் அந்த இடத்தை மட்டும் எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள். ஹோல்டருக்குப் பக்கத்தில் வயரைச் சுற்றி வெள்ளையாக, நார் நாராக ஏதாவது இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அதைச் சுரண்டாமல், பிய்க்காமல், அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

6. வயரை முழுதாக மாற்றுங்கள்

பழைய விளக்கில் பாதி வயர் நன்றாக இருக்கிறது என்று மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அடிப்பாகத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். மேலே துணி உறை முழுதாக இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர், காய்ந்த மண்போல நொறுங்கும் சத்தம் கேட்கும். துணியின் இழை வழியாகக் கறுப்புத் தூள் உதிரும். தண்டுக்குள்ளே, நாம் பார்க்க முடியாத இடத்திலும் அதே கதிதான். அங்கே செம்புக் கம்பி உலோகத்தைத் தொட்டால் விளக்கு முழுவதும் மின்சாரம் பாயும்.

மின் வேலையில் பழக்கம் இல்லையென்றால் இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கொடுத்தாலும் என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உலோக விளக்குக்கு மூன்று கம்பி உள்ள வயர் வேண்டும். 0.75 சதுர மி.மீ. தாராளம். மூன்றாவது கம்பி எர்த். அதை விளக்கின் உலோகத்தோடு ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு இறுக்க வேண்டும். வாஷர் உட்காரும் இடத்தில் பெயிண்டோ வார்னிஷோ இருந்தால் சுரண்டிவிடுங்கள். பூச்சு மேல் இறுக்கினால் பார்க்க எர்த் கொடுத்ததுபோல இருக்கும், வேலை செய்யாது.

பழைய வயரை உருவி எறிய வேண்டாம். புது வயரின் முனையை அதன் முனையோடு சேர்த்து, இன்சுலேஷன் டேப்பை மெல்லியதாகச் சுற்றி, மறுபக்கத்திலிருந்து பழையதை இழுங்கள். புதியது தானாக உள்ளே வந்துவிடும். இதை மறந்து பழையதை முதலில் உருவிவிட்டால், வளைந்த கை உள்ள விளக்கில் வயரை நுழைக்க அரை நாள் போகும். இழுக்கும்போது எங்காவது சிக்கினால் வலுவாக இழுக்காதீர்கள். குழாயின் உள்விளிம்பு கூராக இருந்து புது வயரைக் கீறக்கூடும்.

குழாய்க்குள் வயர் நுழையும் இடத்திலும் அடிப்பாகத் துளையிலும் ரப்பர் வளையம் போடுங்கள். ஹோல்டருக்குள் நுழைந்ததும் வயரை முடிச்சிடவோ கிளாம்ப் போடவோ வேண்டும். யாராவது கால் தடுக்கி வயரை இழுத்தால் அந்த இழுப்பு முடிச்சில் நிற்க வேண்டும், திருகாணியில் அல்ல.

திருகு ஹோல்டரில் ஃபேஸ் கம்பி (மின்சாரம் வருவது) நடுவில் உள்ள முனைக்கும், நியூட்ரல் (அது திரும்பிப் போவது) சுற்றியுள்ள திருகுச் சட்டைக்கும் போக வேண்டும். பல்பு மாற்றும்போது விரல் படுவது சட்டையில்தான். ஸ்விட்ச் ஃபேஸ் கம்பியைத் துண்டிக்க வேண்டும். பிளக்கை எந்தப் பக்கமும் திருப்பிச் செருகலாம் என்ற வகையாக இருந்தால் இதற்கு உத்தரவாதமில்லை. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பல்பில் கை வைக்க வேண்டும்.

110 அல்லது 120 வோல்ட் நாட்டிலிருந்து வந்த விளக்கை 220 முதல் 240 வோல்ட்டில் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். வெறும் ஹோல்டரும் வயரும் மட்டும் உள்ள விளக்கு என்றால், 250 வோல்ட் தாங்கும் புது வயர், ஹோல்டர், ஸ்விட்ச், பிளக் போட்டால் போதும். உள்ளே சோக், டிரான்ஸ்ஃபார்மர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் கதை வேறு. அதை வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

முடித்ததும் பிளக்கில் செருகும் முன் மல்டிமீட்டர். பிளக்கின் எர்த் முனைக்கும் விளக்கின் உலோகத்துக்கும் இடையே தடை சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அடிப்பாகத்தில் மட்டும் வைத்துப் பார்த்து நிறுத்தாதீர்கள்; தண்டு, கை, ஹோல்டரின் மூடி என்று ஒவ்வொரு துண்டிலும் வையுங்கள். பழைய வார்னிஷ் இடையில் நின்று தொடர்பை அறுத்திருக்கலாம். பிறகு ஸ்விட்சைப் போட்ட நிலையில் ஃபேஸ் முனைக்கும் உலோகத்துக்கும், நியூட்ரல் முனைக்கும் உலோகத்துக்கும் பாருங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது.

7. பல்பை ஷேடுக்கு முன்னால் முடிவு செய்யுங்கள்

எல்இடி போடுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). எல்இடியில் அது 8 முதல் 10 வாட்டில் வந்துவிடும். சூடு குறைவதால் பழைய ஷேடும் ஹோல்டரும் பிழைக்கும். பேசி உட்காரும் இடத்துக்கு 450 முதல் 800 லூமென் போதும், படிக்க 800க்குக் குறையாமல் இருக்கட்டும்.

வெளிச்சத்தின் நிறம் 2700 கெல்வின், அதாவது இதமான மஞ்சள். 6500 கெல்வின் வெள்ளை பல்பைப் போட்டால் பட்டு ஷேடு பிணம் மாதிரி வெளுக்கும், பித்தளை பச்சையடிக்கும். டிம்மர் வைத்திருந்தால் பெட்டியில் டிம்மருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பல்பின் நீளமும் முக்கியம். ஷேடு எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் இது ஷேடுக்கு முன்னால்.

8. ஷேடை அட்டையில் வெட்டிப் பாருங்கள்

ஷேடின் உயரம் விளக்கின் மொத்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அகலத்தில், கீழ் விளிம்பு அடிப்பாகத்தைவிடச் சற்று அகலமாக இருந்தால் விளக்கு நிதானமாகத் தெரியும். இதெல்லாம் சட்டமில்லை, மெலிந்த இரும்புத் தண்டுக்குச் சின்ன ஷேடும் எடுப்பாகவே இருக்கும்.

எனவே வாங்கும் முன் அட்டையைச் சுருட்டி, நினைத்த அளவில் ஒட்டி, அணைத்த விளக்கின் மேல் மாட்டிப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், நின்றும் பாருங்கள். உட்கார்ந்தால் பல்பு தெரியக் கூடாது, ஹோல்டரும் தெரியக் கூடாது. நின்று பார்ப்பவருக்கு மேல்வாய் வழியாகப் பல்பு தெரிந்தால் வாய் குறுகலான ஷேடு எடுங்கள்.

துணியின் நிறம் அலங்காரத்துக்கு என்று மட்டும் நினைக்கிறார்கள். வெளிர் லினன் அறை முழுக்க ஒளியைப் பரப்பும். கறுப்பு அல்லது கனமான காகித ஷேடு பக்கவாட்டில் எதுவும் விடாது. கூரையில் ஒரு வட்டம், தரையில் ஒரு வட்டம், நடுவில் இருட்டு. அது அழகுதான், ஆனால் அறையில் வேறு வெளிச்சம் இருக்க வேண்டும்.

விளக்கோடு வந்த பழைய பட்டு ஷேடு மடிப்போரங்களில் வெடித்திருந்தால் தைத்துப் பயனில்லை. எடை கூட்டுவதற்காக உலோக உப்பு ஏற்றிய பட்டு காலப்போக்கில் தானாகவே நொறுங்கும். ஆனால் உள்ளே இருக்கும் கம்பிச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த வளைவு புதிதாகக் கிடைக்காது. அதிலேயே புதுத் துணி கட்டிக்கொள்ளலாம்.

9. நிறுத்தி, வயரை ஒழுங்கு செய்யுங்கள்

முதல் படியில் குறித்த இடத்திலேயே நிறுத்துங்கள். அடியில் ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) ஒட்டுங்கள். தரை கீறாது, சின்ன மேடு பள்ளத்தில் ஆட்டமும் நிற்கும். அடிப்பாகம் வயரின் மேல் ஏறி நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். வயர் வெளியே வர ஒரு பள்ளம் இருக்கும், அதில் உட்கார வேண்டும்.

வயரைக் கம்பளத்துக்கு அடியில் ஒளிக்காதீர்கள். மிதிபட்டு இன்சுலேஷன் நசுங்கும், சூடும் வெளியேறாது, சேதமானாலும் தெரியாது. நாற்காலியின் பின்காலோரமாக, சுவரை ஒட்டிக் கொண்டுபோங்கள். மிச்ச வயரை இறுகச் சுருட்டாமல் தளர்வாக விடுங்கள்.

திரைச்சீலையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். குழந்தைகளோ நாயோ ஓடும் வீட்டில், சோபாவுக்கும் சுவர் மூலைக்கும் நடுவே, மூன்று பக்கமும் தடுப்பு இருக்கும் இடமே பாதுகாப்பு.

10. அப்புறம்தான் அலங்காரம்

இவ்வளவும் முடிந்தபின் அலங்கரிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். வேலைப்பாடு மிகுந்த தண்டு என்றால் பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். பூப்போட்ட சுவரொட்டிக்கு முன்னால் அந்த வேலைப்பாடு காணாமல் போகும். கறுத்த இரும்புத் தண்டைக் கறுத்த சுவருக்கு முன் வைக்காதீர்கள்.

விளக்கின் உலோகம் அறையில் இன்னும் ஓரிடத்திலாவது வரட்டும். படச் சட்டமோ கைப்பிடியோ, எது வேண்டுமானாலும். அது இல்லாவிட்டால் விளக்கு யாரோ விட்டுப்போனதுபோல நிற்கும். அதற்காக எல்லாவற்றையும் பித்தளையாக்கினால் கடை மாதிரி ஆகிவிடும்.

இரண்டு விளக்கு வைப்பதானால் ஒரே ஜோடியாகத் தேடி அலைய வேண்டாம். வேறு வேறு விளக்குகள் இருக்கலாம். ஷேடுகளின் கீழ் விளிம்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் அறை ஒன்றுபட்டுத் தெரியும். இரண்டையும் ஒரே சுவரோரம் வரிசையாக வைக்காமல், மேசை விளக்கு ஒன்றையும் சேர்த்து முக்கோணமாகப் பரப்புங்கள். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் எதிர்ப்பக்கம் முகங்கள் பாதி இருண்டு தெரியும்.

எல்லாம் வைத்தபின் இரவில் மறுபடி ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பாருங்கள். டிவி திரையில், கண்ணாடியில், படச் சட்டத்தில் பல்பு பிரதிபலிக்கிறதா? பெரும்பாலும் விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் தீரும். அப்படியே ஒரு மணி நேரம் எரியவிட்டு அணைத்து, பிளக்கையும் ஷேடின் மேல்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். பிளக் சூடாக இருந்தால் உள்ளே திருகாணி தளர்ந்திருக்கலாம், பிடுங்கிவிட்டு இறுக்குங்கள். ஷேடு சுட்டால் பல்பின் வாட்டைக் குறையுங்கள். முதல் மாதத்தில் தண்டின் இணைப்புகள் தளரக்கூடும், கையால் இறுக்கினால் போதும். இறுக்கும்போது மேல் துண்டை மட்டும் திருகாமல் கீழ்த் துண்டையும் மறுகையால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.